பாவா ஆதம் மலையும் பிற பெயர்களும்

குறிஞ்சித் திணையைப் பாடம் சொல்லும்போது மலையைக் குறிக்கத் தமிழில் எத்தனை சொற்கள் உள்ளன என்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பது தமிழாசிரியர்களின் வழக்கம். வெற்பு, பொருப்பு, சிலம்பு, வரை, ஓங்கல், பிறங்கல், குன்று என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். இவையெல்லாம் பொதுப்பெயர்கள். கண்ணெதிரே நிற்கும் இந்த ஒரு மலைக்கு இன்னதே பெயர் என்று முடிவு செய்பவர் யார் என்னும் வினாவை நிகண்டு எழுப்புவதில்லை. அடிவாரத்தில் வாழ்பவரா, தொலைவில் கப்பலோட்டி வருபவரா, உச்சியில் கருவியை நிறுத்திக் கோணம் அளப்பவரா, சரிவில் கூடை சுமந்து உழைப்பவரா? இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு இலங்கைத் தீவின் மலைநாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அம்மலைநாட்டின்மீது ஈடுபாடு தோன்றியதற்குக் குடும்பக் காரணம் ஒன்றுண்டு. எங்கள் கடற்கரை ஊரிலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் கடை வைக்கச் சென்றவர் பலர். என் வாப்பாவின் தந்தையாரும் கண்டியில் ஒரு புடவைக்கடையில் கணக்கெழுதிப் பின் ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த கதைகளை எங்களுக்குச் சொன்னவர் என் வாப்பும்மா. "பாவா ஆதம் வந்து இறங்கின மலை அங்கேதான் இருக்கு. கால் பதிஞ்ச அடையாளம் இன்னும் இருக்குதாம்" என்பார். அவருடைய நாவில் அது 'பாவாத மலை'. வீட்டிலிருந்த பழைய ஆங்கில நிலப்படத்திலோ அதே இடத்தில் 'ஆடம்ஸ் பீக்' என்றிருக்கும். நூலகத்தில் பார்த்த ஈழத்துத் தமிழ்ப் பாடநூல் அதனைச் 'சிவனொளிபாதமலை' என்றது. சிங்கள மக்களோ 'ஸ்ரீபாத' என்றும் 'சமனல கந்த' என்றும் வழங்குகின்றனர். மலை ஒன்றுதான், 2,243 மீட்டர் உயரமுடைய ஒரு கூம்புப் பாறை. அதனை நோக்கி நால்வகை மக்கள் நான்கு பெயர்களோடு ஏறுகின்றனர்.

தீவின் தென்நடுப்பகுதி முழுவதும் மலை. மேற்கே இச்சிகரம் தொடங்கிக் கிழக்கே நமுனுகுலை வரை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மதில்போல நீள்கிறது தென்வரிசை. அதன் நடுவிலிருந்து வடக்கு நோக்கி ஒரு முதுகெலும்பு எழுந்து தீவிலேயே உயர்ந்த பீதுருதலாகலையில் முடிகிறது. அதன் உயரம் 2,524 மீட்டர். இவ்வமைப்பை நங்கூரத்துக்கு ஒப்பிடுவர் புவியியலார். மேற்கே அட்டன் மேட்டுநிலம், கிழக்கே ஊவா வடிநிலம், வடகிழக்கே மகாவலி ஆற்றால் பிரிக்கப்பட்ட தும்பறை மலைகள், தென்மேற்கே இறக்குவானைக் குன்றுகள் என எஞ்சியவை அந்நங்கூரத்தைச் சூழ்ந்துள்ளன.

இம்மலைநாட்டைப் பற்றிய எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய புவியியல் நூல். தப்ரபேன் என்று அவர் அழைத்த இத்தீவில் இரண்டு மலைத்தொகுதிகளைக் குறிக்கிறார். ஒன்று கலிபா; மற்றொன்று மலையா. பாலிமொழி மகாவம்சமும் தீவின் நடுமலைப் பகுதியை 'மலய' என்றே வழங்குகிறது. தமிழின் 'மலை' என்ற சொல்லோடு இதற்கு உறவுண்டு என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. அலெக்சாந்திரியாவில் அமர்ந்து எழுதிய அறிஞர் இலங்கையை நேரில் கண்டவரல்லர். துறைமுகங்களில் வணிகர் கூறக் கேட்டே எழுதினார். 'அதோ தெரிவது என்ன?' என்று யாரோ ஒரு மாலுமி வினவ, 'மலை' என்று கரையிலிருந்தவர் விடையிறுத்திருக்க வேண்டும் என நான் கற்பனை செய்வதுண்டு. இது வெறும் ஊகமே. எனினும், பொதுப்பெயர் கடல் கடந்து சிறப்புப் பெயரானதற்கு அழகிய சான்றாக இச்சொல் எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் வந்த அரபு மாலுமிகள் தீவைச் சரந்தீப் என்றனர். கி.பி. 851ஆம் ஆண்டைச் சார்ந்த, வணிகர் சுலைமானின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் அரபுப் பயணக் குறிப்பு, ஆதம் (அலை) அவர்களின் பாதச்சுவடு உள்ள மலையை 'அர்ரஹூன்' என்று குறிப்பிடுகிறது. தீவின் தென்பகுதிக்குரிய 'ரோகண' என்னும் நாட்டுப்பெயரே அரபு நாவில் அவ்வாறு திரிந்தது என்பர். சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையில் 1154இல் தம் பெருநூலை நிறைவு செய்த அல்-இத்ரீஸியும் இதே பெயரை எழுதியுள்ளார். அவரது உலகப் படம் தெற்கை மேலாக வைத்து வரையப்பட்டது. நம் கண்ணுக்குத் தலைகீழாகத் தோன்றும் அப்படத்தைப் பார்க்கும்போதெல்லாம், எது மேல், எது கீழ் என்பதும் படம் வரைபவரின் முடிவே என்ற எண்ணம் எழும்.

இச்சிகரம் தீவின் மிக உயர்ந்த மலையன்று. ஆயினும் நெடுங்காலம் அவ்வாறு கருதப்பட்டது. உயர்ந்த சிகரங்கள் உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக மறைந்து நிற்க, இதுவோ மேற்கு விளிம்பில் தனித்து நின்று கடலில் வருவோர்க்கு முதலில் முகம் காட்டும். மாலுமிக்கு அது திசை காட்டும் அடையாளம். அதனாலன்றோ உள்ளே இருந்த பீதுருதலாகலையை உலகம் அறியுமுன்னரே இதற்கு அரபியிலும் பாரசீகத்திலும் போர்த்துக்கேயத்திலும் பெயர்கள் அமைந்தன!

இப்னு பதூதாவின் பயணம் இங்கு விரிவாக நினைவுகூரத்தக்கது. 1344இல் மாலத்தீவிலிருந்து வந்த அவர் புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கே அப்போது தங்கியிருந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. மன்னருக்குப் பாரசீக மொழி விளங்கும் என்கிறார் இப்னு பதூதா. 'வேண்டுவன கேளும்' என்ற மன்னரிடம் ஆதம் (அலை) அவர்களின் பாதத்தைக் காண்பதே தம் வேட்கை என்றார் பயணி. மன்னர் பல்லக்கு ஒன்றைக் கொடுத்து, ஆண்டுதோறும் அங்குச் செல்லும் யோகியர் நால்வரையும், அந்தணர் மூவரையும், தம் ஆட்கள் பதின்மரையும், உணவுப்பொருள் சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். மொராக்கோ நாட்டு முஸ்லிம் ஒருவர், தமிழ் மன்னரின் பல்லக்கில், இந்து யோகியர் வழிகாட்ட, பௌத்த நாட்டினூடே சென்று ஆதிபிதாவின் சுவட்டைக் காண்கிறார். இக்காட்சியை நான் வகுப்பில் சொல்லாத ஆண்டே இல்லை.

மலையேறுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன என்கிறார் அவர். ஒன்று பாபா வழி. மற்றொன்று மாமா வழி. ஆதமுக்கும் ஹவ்வாவுக்கும் உரிய வழிகள் அவை. மாமா வழி எளியது. யாத்திரிகர் இறங்கி வருவதற்குரியது. அதன் வழியே ஏறியவரை யாத்திரை செய்தவராகவே ஊரார் கருதமாட்டார்களாம். பாபா வழி செங்குத்தானது. பாறையில் இரும்புச் சங்கிலிகள் பத்துப் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாவதன் பெயர் 'ஷஹாதத் சங்கிலி'. அதைப் பற்றி நின்று கீழே நோக்குபவர், விழுந்துவிடுவோமோ என்னும் அச்சத்தால் கலிமாவை மொழிந்துவிடுவர், ஆகவே அப்பெயர். ஒரு மலையின் சங்கிலிக்குக்கூடப் பெயரிட்டிருந்த மக்கள் அவர்கள். ஏறுகின்றவனின் உடல் நடுக்கத்திலிருந்து பிறந்த இப்பெயர் எந்த வரைபடத்துக்கும் எட்டாதது.

உள்நாட்டு மலைகளோ பிறர் கண்ணுக்குப் புலப்படாமலே இருந்தன. மலைகளையே தம் கோட்டையாகக் கொண்ட கண்டி அரசர்கள், பாதைகளை அகலப்படுத்த விரும்பவில்லை. 1660இல் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்து தப்பிச் சென்ற ஆங்கில மாலுமி ராபர்ட் நாக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒற்றையடிப் பாதைகளையும் அவற்றை அடைத்திருந்த முட்கதவங்களையும் குறிக்கிறார். 'கந்த உட' என்பது மலைமேல் நாடு என்னும் பொருளுடையது. மலையைக் குறிக்கும் அந்தக் 'கந்த' என்னும் சொல்லே ஐரோப்பியர் நாவில் 'கண்டி' என ஒரு நகரின் பெயராயிற்று. அந்நகரத்தாருக்கு அது இன்றும் 'மகநுவர', அதாவது பெருநகர்.

பாதைகள் அடைபட்டிருந்த அக்காலத்திலும் மலைக்கணவாய்களை நன்கறிந்த ஒரு கூட்டத்தார் இருந்தனர். பொதிமாடுகளை வரிசையாக ஓட்டி, உப்பும் கருவாடும் துணியும் மேலே கொண்டுசென்று, பாக்கும் பிறவும் கீழே கொண்டுவந்த முஸ்லிம் வணிகர் அவர்கள். அப்பொதிமாட்டு வரிசைக்குத் 'தவளம்' என்று பெயர். எந்தக் கணவாயில் எந்த மாதம் நீர் கிடைக்கும், எந்த மேட்டில் அட்டை மிகுதி என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்த அறிவு மகனுக்கு வாய்மொழியாகச் சென்றதேயன்றித் தாளில் ஏறவில்லை. தாளில் ஏறாத அறிவை அரசுகள் அறிவாகக் கொள்வதில்லை.

ஆங்கிலேயர் 1800ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நில அளவைத் திணைக்களத்தை நிறுவினர். முதல் தலைமை அளவையாளர் ஜோன்வில் என்னும் பிரெஞ்சுக்காரர். அப்போது அவர்கள் வசம் இருந்தது கரையோரம் மட்டுமே. 1815இல் கண்டி வீழ்ந்த பின்னரே மலைநாடு அவர்களுக்குத் திறந்தது. 1817இல் மருத்துவர் ஜான் டேவி சிகரத்தில் ஏறினார். 1819இல் நுவரெலியாச் சமவெளியைக் கண்டார். ஜெனரல் ஜான் ஃபிரேசர் பல்லாண்டு உழைத்து அமைத்த தீவின் பெரும்படம் 1862இல் இலண்டனில் அச்சாயிற்று.

முக்கோண அளவை என்னும் முறையின் அடிப்படை எளிது. சமநிலத்தில் ஒரு நேர்கோட்டை மிகுந்த கவனத்தோடு அளந்துகொள்ள வேண்டும். இலங்கையில் நீர்கொழும்புப் பக்கம் கண்டவளையில் ஓர் அடிக்கோடும், அதைச் சரிபார்க்க மட்டக்களப்பில் மற்றொன்றும் அளக்கப்பட்டன. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கிக் கோணங்களை மட்டும் அளந்தால் போதும்; குன்றின் தொலைவு கணக்கில் கிடைத்துவிடும். அக்குன்றிலிருந்து அடுத்த குன்று, அதிலிருந்து அடுத்தது என முக்கோணங்கள் தீவெங்கும் வலைபோலப் பரவும். பள்ளியில் நாம் சலிப்போடு படித்த திரிகோண கணிதம்தான். செயலோ எளிதன்று. உச்சிக் காட்டை வெட்டித் திறக்க வேண்டும். கற்குவியல் அமைக்க வேண்டும். கனத்த கருவியைக் கூலியாட்கள் தோளில் சுமந்தேற வேண்டும். ஏறிய பின் மூடுபனி விலகுவதற்கு நாட்கணக்கில் காத்திருக்கவும் நேரும். படத்தின் மூலையில் அச்சாவது அதிகாரியின் பெயர். சுமந்தவர் பெயர் எங்குமில்லை.

கோணத்தைக் கருவி தவறின்றி அளந்து தரும். பெயரை அளக்கக் கருவி இல்லை; அதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு மலைக்கு வடபுறத்து ஊரார் ஒரு பெயரும் தென்புறத்து ஊரார் வேறு பெயரும் சொல்வர். பீதுருதலாகலை என்னும் நீண்ட பெயர் ஆங்கிலேயர் நாவில் 'பெட்ரோ' எனச் சுருங்கிற்று. வைக்கோலைக் குறிக்கும் 'பிதுரு' என்னும் சிங்களச் சொல் அதன் முதலில் இருப்பதாகப் பலர் கூறுவர். அது போர்த்துக்கேய மொழியில் இராயப்பரைக் குறிக்கும் பெட்ரோவாக மாறிவிட்டது. தமிழிலும் 'பேதுரு' என்று தொடங்கி எழுதியோர் உண்டு. நம் கிறித்தவ நண்பர்கள் மகிழலாம். மலைக்கும் புனித பேதுருவுக்கும் யாதொரு தொடர்புமில்லை!

அலகல்லை என்பது கேகாலைக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட மலைத்தொடர். 'அல' என்றால் கிழங்கு. ஆங்கிலத்தில் அத்தொடரைக் கிழங்கு மலைத்தொடர் என்றே மொழிபெயர்த்து, 'பொட்டேட்டோ ரேஞ்ச்' என்றனர். பத்தலேகலை திறந்து வைத்த நூல்போலத் தெரிந்ததால் 'பைபிள் ராக்' ஆயிற்று. தும்பறை மலைகள் மடக்கிய கைமுட்டியின் கணுக்களைப்போல் தோன்றவே 'நக்கிள்ஸ்' எனப்பட்டன. சிங்களத்தில் தும்பறை என்பதற்குப் பனிமூட்டத்தோடு தொடர்புடைய பொருள் கூறுவர். ஒரே மலை, ஒருவருக்கு மூடுபனி, மற்றவருக்குக் கைமுட்டி. பனிக்குள் வாழ்ந்தவர் பனியின் பெயரை இட்டனர். தொலைவில் நின்று நோக்கியவர் கண்ணுக்குக் கோட்டுருவமே புலப்பட்டது. 'மகா எலிய' என்றிருந்த உயர்சமவெளியை 1834இல் ஆங்கிலப் படையைச் சேர்ந்த இரு இளம் அதிகாரிகள் கண்டு, அப்போதைய ஆளுநர் ஹோர்ட்டனின் பெயரைச் சூட்டினர். மகாவலியும் களனியும் வளவையும் ஊற்றெடுக்கும் அந்நிலத்துக்கு, ஆறே ஆண்டுகள் ஆட்சி செய்த ஒருவரின் பெயர் இன்றும் நிலைத்துவிட்டது. 2010இல் யுனெஸ்கோ இம்மலைநாட்டின் மூன்று பகுதிகளை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோதும் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் என்னும் பெயர்களே பதிவாயின.

இதனை வெள்ளையர் செய்த குற்றம் என்று மட்டும் சொல்லி அமைவது முறையன்று. உருவத்தை நோக்கிப் பெயரிடுவது எல்லா மக்களுக்கும் இயல்பு. மலைநாட்டுக்கு வெளியே மட்டக்களப்பின் உட்பகுதியில் ஒரு குன்று உண்டு. சிங்களத்தில் அது தொப்பிகல, தமிழில் குடும்பிமலை, ஆங்கிலத்தில் 'பேரன்ஸ் கேப்', அதாவது பிரபுவின் குல்லாய். மூவரும் ஒரு தலையைத்தான் கண்டிருக்கின்றனர். தலையில் இருப்பது தொப்பியா குடும்பியா என்பதிலேதான் வேறுபாடு. சிரிப்பதற்குரிய இவ்வேறுபாடு 2007இல், அக்குன்றை ஒட்டிப் போர் நிகழ்ந்தபோது சிரிப்பதற்குரியதாக இருக்கவில்லை. எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கொண்டே சொல்பவர் எப்பக்கம் என்று கணித்தனர்.

தோட்டங்களின் கதை தனியானது. முதலில் காப்பி, 1869இல் தொடங்கிய இலைநோயால் அது அழிய, பிறகு தேயிலை. மலைச்சரிவுகளைக் காடழித்துப் பங்கிட்டுக்கொண்ட தோட்டத்துரைமாருள் ஸ்காத்லாந்தினர் பலர். ஆகவே டன்சினேன், ஹோலிரூட், பால்மோரல், ஸ்ட்ராத்ஸ்பே என்று அவர்தம் நாட்டுப் பெயர்கள் ஈழத்து மலைகளில் ஏறின. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் திரட்டிச் சென்ற நம் மக்கள் அப்பெயர்களைத் தம் நாவுக்கு ஏற்ப வளைத்தனர். தமக்கென வேறு பெயர்களும் இட்டு வழங்கினர். தோட்டத்தின் பிரிவுகள் மேற்கணக்கு, கீழ்க்கணக்கு எனப்பட்டன. இவை சம்பளப் பேரேட்டிலும் பேச்சிலும் வாழ்ந்தனவேயன்றி மலைப்படத்தில் இடம்பெறவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தார். கோத்தகிரிப் பக்கம் குடியேறிய, தாயகம் திரும்பியோர் குடும்பத்தைச் சேர்ந்தவர். மலைபடுகடாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. நவிரமலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, "ஐயா, எங்கள் பாட்டி மலை என்று சொன்னால் அது தேயிலை நட்ட இடம்தான். பத்தாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை என்று சொல்வார்கள். பெயர் எதுவும் சொன்னதில்லை" என்றார். வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குறிஞ்சி நிலத்து மக்களாக ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்தவர்க்கு மலை என்பது ஓர் எண். கொழுந்து பறிக்கச் செல்லும் நிரையின் எண். கடலிலிருந்து கண்டவருக்கு அது அடையாளம். அளவையாளருக்கு முக்கோணத்தின் ஒரு முனை. துரைக்கு அவரது பிறந்த ஊரின் நினைவு. முதுகு வளைய ஏறியவருக்கு மட்டும் அதற்குப் பெயரிடும் உரிமை கிடைக்கவில்லை.

பெயரிடும் உரிமை மட்டுமா? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்வதாக விட்டது. மலைகளுக்கு எண் இட்டது போலவே மக்களுக்கும் எண் இட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. மேற்சொன்ன மாணவியின் பாட்டியார் அதற்கு நெடுநாள் முன்னரே கப்பலேறி வந்து, இந்த நாட்டு மலையிலும் அதே கூடையைச் சுமந்தவர்.

2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வரங்கின் பொருட்டுக் கண்டிக்குச் சென்றபோது, வாப்பும்மா சொன்ன மலையில் ஏறும் வாய்ப்புக் கிடைத்தது. அட்டன் வழியாகச் சென்றால் மலையடிவாரத்தில் ஓர் ஊர். ஆங்கிலத்தில் 'டல்ஹவுசி' என்பர். ஆனால் பேருந்தின் பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது 'நல்லதண்ணி'. சிங்களவரும் அதை 'நல்லதண்ணிய' என்றே வழங்குகின்றனர். பிரபு டல்ஹவுசியைத் தோற்கடித்து ஒரு குவளை நல்ல தண்ணீர் நிலைபெற்றிருப்பதைக் கண்டு எனக்கு உண்டான மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. அங்கே தேநீர்க்கடை வைத்திருந்த தோட்டத்துப் பெண்மணி, "மலைக்கா வந்தீங்க?" என்று கேட்டார். நான் ஆம் என்றதும், "சீசன்ல மலைக்குப் போறதுன்னா மேலே போறது. மத்த நாளெல்லாம் கொழுந்து எடுக்கப் போறது" என்று தாமே விளக்கம் தந்தார்.

இரவு முழுவதும் ஏறினோம். படிகள் ஐயாயிரத்துக்கு மேல் உண்டு. இறங்கி வருவோர் எங்களைப் பார்த்துக் 'கருணாவயி' என்று வாழ்த்திச் சென்றனர். ஒருவர்கூட, நீர் எந்தப் பெயரைச் சொல்லி ஏறுகிறீர் என்று கேட்கவில்லை. விடியலில் மலையின் நிழல் மேற்குப்புறத்துப் பனிமீது கூர்முக்கோணமாக விழுந்து, கதிர் எழ எழச் சுருங்கிற்று. பெரியவர் ஒருவர் அதைக் கைகூப்பி வணங்கினார். நான் மனத்துக்குள் ஸலாம் உரைத்தேன்.

ஆதம் (அலை) அவர்கள் இறங்கிய இடம் இதுவென்று திருக்குர்ஆன் கூறவில்லை. தபரீ முதலிய வரலாற்றாசிரியர் தொகுத்தளித்த செய்திகளிலிருந்தும் மாலுமிகளின் மரபிலிருந்தும் வந்த நம்பிக்கை அது. திருமறையின் இரண்டாம் அத்தியாயம் கூறுவது வேறு. இறைவன் ஆதமுக்கு எல்லாப் பெயர்களையும் கற்றுக்கொடுத்தான். வானவர் அறியாதிருந்த அவற்றை அவர் எடுத்துரைத்தார். மனிதனுக்கு அருளப்பட்ட முதற்கல்வி பெயர்களைப் பற்றியது என்பதை ஒரு மொழியாசிரியன் எவ்வாறு மறக்க இயலும்? எல்லாப் பெயர்களையும் கற்றவர் பெயரால் ஒரு மலை நிற்க, அதற்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும் என்று அவர் மக்கள் பூசலிடுவது எனக்கு விளங்காத ஒன்று. பலாங்கொடைக்கு அப்பால் கல்தொட்டைச் சரிவில் உள்ள பாறைத்தலத்தை முஸ்லிம்கள் 'தப்தர் ஜெய்லானி' என்றும் சிங்களவர் 'கூரகல' என்றும் வழங்குவர். அங்கே பழைய பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. முஸ்லிம்கள் யாத்திரை செய்துவந்த வழக்கமும் உண்டு. 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன்மீது எழுந்த பூசலை நாளிதழ்களில் படித்தபோது, ஆரியச் சக்கரவர்த்தி அனுப்பிய அந்த நான்கு யோகியரும் மூன்று அந்தணரும் நினைவுக்கு வந்தனர். படத்தில் ஒரு புள்ளிக்கு அருகே ஒரு பெயருக்குத்தான் இடமுண்டு. மலையில் இடத்துக்குப் பஞ்சமில்லை.

அளவையாளரின் படத்தை நான் வெறுப்பவன் அல்லன். நாக்ஸ் வியந்த அந்தப் பாதையற்ற மலைகளில் இன்று மண்சரிவு எங்கே வரும், அணை எங்கே நிற்கும் என்று சொல்ல அப்படமே வேண்டும். இலங்கைத் தேசியப் படக்கட்டத்தின் மையப்புள்ளி பீதுருதலாகலை உச்சியிலுள்ள அளவைத் தூண். 1999இல் கட்டமைப்பைப் புதுப்பித்தபோதும் அத்தூணே மையமாக நீடித்தது. தீவின் எந்த வீட்டின் இருப்பிடமும் அந்த மலையோடு கணக்கால் பிணைக்கப்பட்டுள்ளது.

தோட்டத்து மக்கள் மலைகளுக்குப் பெயரிட இயலவில்லை என்றேன். அவர்கள் செய்தது வேறொன்று. 'இந்தியத் தமிழர்', 'கூலிகள்', 'தோட்டக்காட்டார்' என்று பிறர் இட்ட பெயர்களை ஒதுக்கித் தம்மை மலையகத் தமிழர் என்று அழைத்துக்கொண்டனர். சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டியதும், மலையகச் சிறுகதைகளும் நாவல்களும் தனியொரு துறையாக வளர்ந்ததும் இப்பெயரை நிலைநிறுத்தின. 2023இல், அம்மக்கள் தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைப்பயணம் நிகழ்ந்தது. வெயிலில் நடந்தவர்களுள் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். அவ்வழியில் முன்னர் இறந்துபட்டோருக்குக் கல்லறை இல்லை, பெயர்ப்பட்டியலும் இல்லை. முன்னே சென்றவர் ஏந்திய பதாகையில் 'மலையகம்' என்ற சொல் இருந்தது. தாலமியின் நூலில் உள்ள சொல்லும் ஏறத்தாழ அதுவே.